மூடிய கண்ணும் மூன்றாவது ஆளும்

அந்தச் சலவை ஆலையில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மேனேஜரம்மாவுக்குக் கிடைத்த பெயர் குக்கர். காரணம் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. ஒரு மூட்டை தாமதமானால் போதும், மேனேஜரம்மாவின் விசில் வாசல் வரைக்கும் கேட்கும்.

அப்பேர்ப்பட்டவள் சில மாதங்களாகத் தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட கூத்தைத்தான் வாராவாரம் பார்த்துக்கொண்டு வருகிறோம். யோசனை சொன்னது கணவர். கற்றுக்கொடுப்பது கூடப்பிறந்த தங்கை.

"வேலையில நீ புலி. கோபம் மட்டும் கொஞ்சம் அடங்கிச்சுன்னா, புது யூனிட்டை அண்ணன் உன் கையிலதான் குடுப்பார்," என்று கணவர் சொன்னதில் தொடங்கியது எல்லாம். அண்ணன் என்றால் கணவரின் மூத்த அண்ணன், ஆலையின் முதலாளி. ஊழியர்களுக்கு அவர் பெரியவர். புது யூனிட்டின் பொறுப்பு யாருக்கு என்று அவர் வாயைத் திறக்கப்போகும் நாள் இன்று.

காலையில் கிளம்பும்போதே கணவர் முகத்தில் தனிக் களை. உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு சிரத்தையாகப் போட்டிருக்க மாட்டார்.

"பதவி எனக்கு வரப்போகுது. நீங்க எதுக்கு இப்படி மினுக்கிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"பெண்டாட்டி பெரிய ஆளாகுற அன்னிக்குப் புருஷன் அழுக்கு ஷூவோட நிக்கலாமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நினைத்துச் சாயங்காலம் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

ஆலைக்குள் நுழைந்ததுமே ஒரு சோதனை காத்திருந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகள் ஒரு டிரம் முழுக்க இளஞ்சிவப்பாக வெளியே வந்து கிடந்தன. அழுக்குத் துணியை நிறம் பார்த்துப் பிரிக்கிற 'தாடி' பக்கத்தில் நின்றான். அவன் முகம் அந்த விரிப்புகளுக்கு நேர்மாறாக வெளுத்திருந்தது. இஸ்திரி உருளையில் விரிப்பு விடுகிற 'ரேடியோ' என்கிற அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். எல்லாரும் விசிலுக்காகக் காத்திருந்தார்கள்.

மேனேஜரம்மா மேசைமேல் உள்ளங்கையை வைத்தாள். கோபம் வந்தது. நன்றாகவே வந்தது, தொண்டை வரைக்கும். அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை நின்றாள்.

"எப்படி ஆச்சு? திட்ட மாட்டேன், சொல்லு."

தாடி நம்பாமல் பார்த்தான். "மேசைக்கு மேல லைட்டு எரியல மேடம். சிவப்புத் துண்டு ஒண்ணு உள்ள சுருண்டு கிடந்திருக்கு. கண்ணுக்குத் தெரியல."

"லைட்டு எரியலன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மேடம். அப்பல்லாம் உங்ககிட்ட வரவே பயம். அதனால சார்கிட்ட சொன்னேன். மாத்தியாச்சுன்னு சொல்லிட்டார்."

சார் என்றால் அவள் கணவர்தான். ஆலையில் மெஷின், ரிப்பேர், மராமத்து எல்லாம் அவர் பொறுப்பு. அவளிடமும் அவர் "மாத்தியாச்சு" என்றுதான் சொல்லியிருந்தார். அண்ணாந்து பார்த்தாள். தூசி படிந்த பழைய டியூப் செத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் மறந்திருப்பார் என்று அவளே அவருக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பல வருஷப் பழக்கம் அது.

மேசையை ஜன்னல் ஓரம் நகர்த்தச் சொன்னாள். விரிப்புகளை மறுபடி வெளுக்கப் போடச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

"இன்னிக்கு குக்கருக்கு வெயிட் போட மறந்துட்டாங்க போல," என்று ரேடியோ கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி நடந்தாள், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கத்திக்கொண்டிருந்த காலத்தில் ஆலையில் நடப்பது எதுவும் கடைசியாகத்தான் அவளுக்குத் தெரியும். இப்போது ஆட்கள் அவளிடம் உண்மையைச் சொல்கிறார்கள். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த தங்கைக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினாள்.

பெரியவர் அறையில் கணவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உட்காரு," என்றார் பெரியவர். "உன் உழைப்பைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா? இந்த ஆலை இன்னிக்கு நிக்குதுன்னா அது உன்னாலதான். என் தங்கச்சியா இருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டா."

இவ்வளவு சர்க்கரை கொட்டினால் பின்னால் கசப்பு வருகிறது என்று அர்த்தம். மேனேஜரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா உடம்புன்னு ஒண்ணு இருக்கேம்மா. உருளை ஓடுற சத்தம் கேட்டாலே கை நடுங்குது, படுத்தா தூக்கம் வரல, எல்லாத்தையும் போட்டுட்டு எங்கேயாவது போயிடலாம் போல இருக்குன்னா... அந்த நிலைமையில இன்னொரு யூனிட்டையும் உன் தலையில கட்டுறது பாவம். அதைத் தம்பி பார்த்துக்கட்டும். இங்கயும் நீ கொஞ்ச நாள் லீவு எடு."

அவளுக்குப் பதவி போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. பெரியவர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவளுடையவை. உருளை, கை, தூக்கம், எங்கேயாவது போயிடலாம். வரிசைகூட மாறவில்லை.

"இதையெல்லாம் உங்ககிட்ட யார் மாமா சொன்னது?"

"யார் சொன்னா என்னம்மா? உன் நல்லதுக்குத்தானே."

கணவரைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பளபளவென்று இருந்தது.

அந்த வார்த்தைகளை அவள் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் சொல்லியிருந்தாள். ஆலை மாடியின் கோடியில் இருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்து, பாய் விரித்து, தங்கை சூபர்வைசர்களுக்குத் தியான வகுப்பு நடத்துகிறாளே, அங்கே. கண்ணை மூடி உட்கார்ந்து முடித்ததும் கண்ணைத் திறக்காமலே மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது தங்கை வைத்த முறை. கேட்கிறவர்கள் ஒரு வார்த்தை பதில் பேசக் கூடாது. சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகவே கூடாது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் தங்கை இதைக் கண்டிப்பாகச் சொல்வாள். அன்றைக்கு மற்ற சூபர்வைசர்கள் கிளம்பிப் போன பிறகு, அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும் இருந்தபோதுதான் அவள் மனசைக் கொட்டினாள். கொட்டிவிட்டு அழுதாள்.

நேரே அந்த அறைக்குப் போனாள். தங்கை பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா! புது யூனிட் மேடம், வாங்க வாங்க..."

"யார்கிட்டடி சொன்னே?"

தங்கையின் கையிலிருந்த பாய் பாதியில் நின்றது. "எதை?"

"கை நடுங்குதுன்னு நான் சொன்னதை. பெரியவர் மனப்பாடமா ஒப்பிக்கிறார்."

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. சத்தியமா."

"அப்ப காத்து வந்து அவர் காதுல ஓதிச்சா? இருந்தது நீயும் நானும். எனக்கு வேற யார்டி இருக்கா?"

தங்கை பாயைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து நிற்பாளே, அந்த முகம் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நாம ரெண்டு பேர் மட்டும் இல்லக்கா. அத்தானும் இருந்தார்."

"எங்க?"

"இங்கதான். உனக்கு நேர் எதிர்ல."

மேனேஜரம்மா எதிரில் இருந்த வெறும் தரையைப் பார்த்தாள்.

"நீ பேச ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே சத்தமில்லாம வந்து உட்கார்ந்துட்டார்," தங்கை மளமளவென்று சொன்னாள். "உதட்டுல விரலை வச்சுக் காட்டினார். நீ கண்ணைத் திறந்ததும் ஆச்சரியப்படுத்தப் போறார்னு நினைச்சேன். ஆனா நீ திறக்குறதுக்குள்ள எழுந்து போயிட்டார்."

"நான் அழுதேனே, அப்பவும் இருந்தாரா?"

"இருந்தார்."

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லாதேன்னார். அத்தான் பேசித்தானேக்கா இந்த வகுப்பே எனக்குக் கிடைச்சுது. புது யூனிட்லயும் என்னையே போடச் சொல்றேன்னு..." தங்கை முடிக்கவில்லை.

புருஷன் போட்டுக்கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து, பெண்டாட்டி அழுவதை ஓர் ஆள் எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அன்று வீட்டுக்கு வந்ததும், "வகுப்பு எப்படிப் போச்சு?" என்று அவர் கேட்டதும் நினைவு வந்தது. "நல்லாப் போச்சுங்க" என்று இவளும் சொன்னாள். வெட்கமாக இருந்தது. யார் வெட்கப்பட வேண்டுமோ அவர் அண்ணன் அறையில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

"சரி, அன்னிக்கு வேற என்ன சொன்னேன்? கை எதுக்கு நடுங்குதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே," என்றாள் தங்கை மெதுவாக. "தடுப்புக் கம்பியைப் பத்தி."

ஆலையின் இஸ்திரி உருளை ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். கொதிக்கிற இரும்பு. அது விரிப்பை உள்ளே இழுக்கிற வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரிப்பு விடுகிறவர்களின் கை அதில் பட்டால் உருளை தானாக நின்றுவிடும். அந்தக் கம்பி வளைந்துபோய்க் கழற்றியாகிவிட்டது. புதிது மாட்ட வேண்டுமானால் உருளையைச் சில நாள் நிறுத்த வேண்டும். ஹோட்டல் ஆர்டர் தவறிவிடும் என்று கணவர் தள்ளிக்கொண்டே வந்தார். "இந்த வாரம் மாட்டிடுறேன், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, என் மானம் போயிடும்," என்பார். ரேடியோ பேசிக்கொண்டே விரிப்பு விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மேனேஜரம்மாவின் கண் அவள் விரல்களை விட்டு நகராது.

"மாட்டச் சொல்லி அவர்கிட்ட கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போச்சு, ஒரு நாள் ரேடியோ கை உள்ள போயிடும்னுதான் பயமா இருக்குன்னு சொன்னேன். நடுக்கத்தை மட்டும் அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு, கம்பியை வழியிலேயே முழுங்கிட்டார் உன் அத்தான். அடுத்த நாள் நீ என்னடி சொன்னே எனக்கு?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "பயம் வெறும் எண்ணம்தான், வந்துட்டுப் போயிடும், மூச்சைக் கவனின்னு சொன்னேன்."

"நானும் மூச்சைக் கவனிச்சேன். பயம் வரும்போதெல்லாம் ஊதி ஊதி அனுப்பிட்டு, நல்ல மேனேஜராயிட்டேன்னு வேற நினைச்சுக்கிட்டேன். அது எண்ணம் இல்லைடி. அங்க கம்பி இல்லை. போய்ப் பாரு, நிஜமாவே இல்லை!"

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. இப்போதும் உருளை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

படிகளில் இறங்கினாள். ரேடியோ யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றிச் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டே ஒரு விரிப்பின் நுனியை உருளையின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே போய் மறுபக்கம் வரும்வரை மேனேஜரம்மா காத்திருந்தாள். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

உருளை நின்றதும் ஆலையே பாதி செத்த மாதிரி ஆயிற்று. ஆவி மட்டும் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும், கணவர் ஓடி வந்தார். "என்ன பண்றே நீ? ஹோட்டல் வண்டி வாசல்ல நிக்குது!"

"நிக்கட்டும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு, கோபத்துல எதுவும் செய்யாதே. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரு. எல்லாம் வீட்டுல பேசிக்கலாம்."

"கோபமா? நான் இன்னும் கத்தவே இல்லையே, கவனிச்சீங்களா?"

கவனித்திருப்பார் போல. கத்துகிற பெண்டாட்டியை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இது புதுசு. ஒரு அடி பின்னால் போனார்.

அதற்குள் பெரியவரும் இறங்கி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், படியின் கடைசியில், தங்கை.

"யார் நிறுத்தினது?"

"நான்தான் மாமா. தடுப்புக் கம்பி மாட்டாம இந்த உருளை இனிமே ஓடாது."

"கம்பியா? அதை எப்பவோ மாட்டியாச்சுன்னு தம்பி சொன்னானே?"

ரேடியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லார் பார்வையும் கணவர் பக்கம் திரும்பியது. அந்த ஒரு கணத்தில் மேனேஜரம்மாவின் மனம் அவருக்காக இரங்கக்கூடச் செய்தது. ஒத்துக்கொண்டு விடுவார், தலையைக் குனிவார், நாமே சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். பல வருஷப் பழக்கம் சுலபத்தில் விடுமா?

"மாட்டத்தான் இருந்தேன் அண்ணே," என்றார் கணவர். "அவதான் வேணாம்னா. மெஷினை நிறுத்தினா ஆர்டர் தவறிடும், பேர் கெட்டுடும்னா. மேனேஜர் அவதானே, நான் என்ன செய்ய? உங்ககிட்ட அவளைக் காட்டிக்குடுக்க மனசு வரல. அதான் மாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன்."

பொய்யிலும் ஒரு தியாகி வேஷம். பெரியவர் மேனேஜரம்மாவைப் பார்த்த பார்வையில் மாடியில் இருந்த சர்க்கரையெல்லாம் கரைந்துபோயிருந்தது.

"அப்படியாம்மா?"

"இல்லை மாமா. மாட்டச் சொல்லி நான் கெஞ்சினேன். இதோ நிக்கிறாளே என் தங்கச்சி, அவளைக் கேளுங்க. எல்லாத்தையும் அவகிட்ட சொல்லியிருக்கேன்."

பெரியவர் திரும்பினார். தங்கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தானைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"வகுப்புல பேசுறதை வெளியில சொல்லக் கூடாதுங்க," என்றாள். "அது எங்க விதி."

மேனேஜரம்மாவுக்கு அழுகை வந்தது. விதியாம் விதி! அக்காவின் மனசை அத்தான் ஒட்டுக்கேட்டபோது தூங்கிக்கொண்டிருந்த விதி, அக்காவைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் முழித்துக்கொண்டுவிட்டது. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு வளர்த்த பெண் இவள்.

"சரிம்மா, போதும்," என்றார் பெரியவர் அலுப்பாக. "இப்ப மெஷினைப் போடு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

ரேடியோ பழக்க தோஷத்தில் அடுத்த விரிப்பைக் கையில் எடுத்தாள். மேனேஜரம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். நேரே நடந்து வந்து கணவரிடம் நீட்டினாள்.

"போடுறேன் மாமா. புது யூனிட்டுக்கே பொறுப்பு இவருக்குத்தானே? கம்பி இல்லாட்டியும் பரவாயில்லைன்னா, ஒரே ஒரு விரிப்பு, இவர் கையால உள்ள விடட்டும். நான் போடுறேன்."

வாசலில் ஹோட்டல் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"உள்ள விடுடா," என்றார் பெரியவர். "துணிதானே? விட்டுட்டுப் போ."

கணவர் விரிப்பைப் பார்த்தார். உருளையைப் பார்த்தார். நின்றுபோன பிறகும் அதன் வாயிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

அதை ரேடியோ பார்த்தாள். தாடி பார்த்தான். பெரியவரும் பார்த்தார். தம்பி முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

"மூணு பேரும் மேல வாங்க," என்றார் கடைசியில். குரல் கம்மியிருந்தது. தங்கையைப் பார்த்து, "நீயும்தான். கதவைச் சாத்திட்டுப் பேசுவோம்," என்றார்.

மேனேஜரம்மா விரிப்பை மடித்து உருளையின் மேல் தட்டில் வைத்தாள்.

"கதவு திறந்தே இருக்கட்டும் மாமா," என்றாள். "யார் யார் உட்கார்ந்து கேக்குறாங்கன்னு இந்தத் தடவை எனக்குத் தெரியணும்."